ஒற்றைக் கால் பாட்டின் கல்நெஞ்சுக்காரி

என் பெயர் ஒர்சோலா பெத்ரில்லோ. பாஸ்டன் நகரில் இந்தப் பெயரைச் சொன்னால் ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ‘ஒற்றைக் கால் பாட்டு’ என்று சொல்லிப் பாருங்கள். பஸ் ஓட்டுகிறவர், பல் பிடுங்குகிறவர், நீதிபதி, எல்லோரும் காலால் தாளம் போடுவார்கள். அந்தப் பாட்டில் கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு கல்நெஞ்சுக்காரி உட்கார்ந்திருக்கிறாளே, அது நான்.

இதை நான் பெருமையாகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். நினைத்தாலும் தப்பில்லை. அந்தப் பெருமைக்காக நான் ஒரு கூட்டத்தில் போட்ட சண்டையைக் கேட்டால் நீங்களே சிரிப்பீர்கள்.

கொரியாச் சண்டை முடிந்த சமயத்தில் எனக்கு அந்த வேலை கிடைத்தது. நகரின் நடுவிலிருந்து துறைமுகத்துத் தண்ணீருக்கு அடியில் புகுந்து வரும் சுரங்க ரயில், எங்கள் கிழக்கு பாஸ்டனில் முதலில் மூச்சு விடும் இடம் மாவெரிக் நிலையம். அங்கே படிக்கட்டுக்குக் கீழே, சுழல்கம்பிக்குப் பக்கத்தில், ஒரு கண்ணாடிக் கூண்டு. கூண்டுக்குள் நான். காசை வாங்கி டோக்கன் கொடுப்பேன். டோக்கனைப் போட்டால் கம்பி சுழலும். ஆள் உள்ளே போவான். இவ்வளவுதான் வேலை. ஆனால் நான் அந்தக் கூண்டில் உட்கார்ந்த தோரணையைப் பார்த்திருந்தால், கருவூலத்தையே என் மடியில் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்திருப்பீர்கள்.

நான் குள்ளம். ஜன்னலுக்கு எட்டுவதற்காக நாற்காலியில் இரண்டு டெலிபோன் புத்தகங்களைப் போட்டு அதன்மேல் உட்காருவேன். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தலையும் தோளும் மூக்கும் மட்டும் தெரியும். மூக்கு கொஞ்சம் அதிகமாகவே தெரியும். அது அப்பா வழியில் வந்தது. சிரிக்கக் கூடாது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானாகத்தான் முடிவு செய்தேன். சிரித்தால் ஆளுக்கு நான் இளக்காரமாகப் போய்விடுவேன், இளக்காரமானால் கம்பிக்கு அடியில் குனிந்து நுழைவான் என்பது என் சித்தாந்தம். என் தங்கை நெல்லா வாரம் ஒரு தடவை சொல்லுவாள்.

“அக்கா, நீ டோக்கன் குடுக்குறப்போ பாவசங்கீர்த்தனம் கேக்குற சாமியார் மாதிரி மூஞ்ச வச்சிருக்க. ஜனங்க பயந்து போயி நடந்தே போறாங்க.”

“நடந்து போனா ஒடம்புக்கு நல்லது” என்பேன் நான்.

அந்த வருஷம் ரயில் கட்டணத்தை ஏற்றினார்கள். ஏற்றியது மேலே எங்கேயோ மேஜை போட்டு உட்கார்ந்திருந்தவர்கள். திட்டு வாங்கியது நான். கூண்டின் முன்னால் வந்து நிற்பவர்கள் எல்லோரும், அந்தக் கூடுதல் காசில் நான் ரோமத் தோல் கோட்டு வாங்கப்போகிறேன் என்பதுபோல என்னை முறைத்தார்கள். அப்படி ஒரு மாலையில்தான் காஸ்பரே இயான்தோலோ வந்தான்.

காஸ்பரே வீடுகளுக்கு வர்ணம் அடிப்பவன். சனிக்கிழமைகளில் கல்யாணங்களில் அக்கார்டியன் வாசிப்பான். எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. வாய் ஓய்ந்து யாரும் அவனைப் பார்த்ததில்லை. ஏணி மேல் நின்று கூரைக்கு வர்ணம் அடிக்கும்போதும் கீழே போகிறவர்களோடு பேசிக்கொண்டே இருப்பான். அன்று ரயிலில் கூட்டம் பிதுங்கியது. அவன் வெளியே போகும் கம்பியைத் தள்ளாமல், ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு நேரே என் ஜன்னலுக்கு வந்தான். அவனுக்குப் பின்னால் வேடிக்கை பார்க்க ஒரு கூட்டம்.

“தங்கச்சி, பாதிக் காசு திருப்பிக் குடு.”

“எதுக்கு?”

“டவுன்ல இருந்து இங்க வரைக்கும் ஒத்தக் கால்லதாம்மா நின்னேன். இன்னொரு கால வைக்க எடமே இல்ல. ஒரு காலுக்குத்தான் காசு எடுக்கணும், ரெண்டு காலுக்கு எடுத்துட்டீங்க.”

“இன்னொரு கால் எங்க இருந்துச்சு?”

“ஒரு குண்டு ஆளோட பூட்ஸ் மேல. அந்தக் காசை அவன்கிட்ட வாங்கிக்க. அந்தா போறான் பாரு.”

கூட்டம் சிரித்தது. நல்ல மனுஷி என்றால் அவளும் சிரித்து, ‘போ அண்ணே’ என்று அனுப்பியிருப்பாள். நான் சட்டம் பேசினேன். கட்டணம் என்பது ஆளுக்கு, காலுக்கு அல்ல என்றேன். அவன் விடவில்லை.

“சரி, நான் உக்காரவே இல்ல. சீட்டுக்கு உண்டான காச கழி.”

“கழிக்க முடியாது.”

“பக்கத்துல நின்னவன் பூண்டு தின்னுட்டு வந்திருந்தான். சுரங்கம் முழுக்க மூச்ச அடக்கிட்டு வந்தேன். காத்துக்காவது கழி.”

“அண்ணே, பின்னால ஆள் நிக்குது. நகருங்க.”

“நீ ரொக்கோவோட பொண்ணுதானே? அவரு நல்ல மனுஷனாச்சே!”

அப்போது நான் செய்ததை நினைத்தால் இப்போதும் காது சிவக்கிறது. ஜன்னலின் சிறு கதவைப் படாரென்று இழுத்து மூடி, ‘மூடப்பட்டது’ என்ற அட்டையை மாட்டினேன். மாலை நெரிசல் நேரம். வரிசையில் நின்ற அத்தனை பேரும் வாய் பிளந்தார்கள். உடனே திறந்தும் ஆகவேண்டியிருந்தது, வேறு வழியில்லை. திறந்தபோது காஸ்பரே போய்விட்டிருந்தான். படிக்கட்டில் ஏறும்போது இரண்டு காலையும் ஊன்றித்தான் ஏறினான் என்று நிலைய வாசல் பூக்கடைக்காரி பிற்பாடு சொன்னாள்.

அடுத்த சனிக்கிழமையே பாட்டு பிறந்துவிட்டது. யாரோ ஒருவர் கல்யாணத்தில் அவன் அக்கார்டியனைத் தூக்கிக்கொண்டு, ஒற்றைக் காலில் நின்று பாடினானாம்:

*ஒற்றைக் காலில் நின்று வந்தேன், ஒரு காலுக்குக் காசு வாங்கு;*
*மற்றக் காலோ மற்றவன் மேல், மறுகாசை அவனிடம் வாங்கு!*

*மூச்சடக்கி வந்தேன் அம்மா, காற்றுக்குக் காசைக் கழி;*
*பேச்சுக்கும் உட்காரவில்லை, பெஞ்சுக்குக் காசைக் கழி!*

*கண்ணாடிக் கூண்டுக்குள்ளே கல்லாட்டம் ஒருத்தி,*
*எண்ணாமல் பல்லைக் காட்டாள், என்னை வைத்தாள் நிறுத்தி!*

திங்கட்கிழமை காலை என் கூண்டுக்கு முன்னால் வந்த முதல் ஆள் ஒற்றைக் காலில் நின்று டோக்கன் கேட்டான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. இரண்டாவது ஆளும் ஒற்றைக் கால். மதியத்துக்குள் மீன் வெட்டும் பெண்கள், துறைமுகக் கூலிகள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், எல்லோரும் கொக்காக மாறி நின்றார்கள். ஒரு கன்னியாஸ்திரி கூட அங்கியைச் சற்றுத் தூக்கிக்கொண்டு ஒரு காலை மடக்கினாள் என்றால் நம்புவீர்களா? விஷயத்தை எனக்கு விளக்கிச் சொன்னவள் நெல்லா. விளக்கவில்லை; பாடியே காட்டினாள். அவளுக்கு ஆறு வரிகளும் மனப்பாடமாகியிருந்தன.

“உன் பேரு அதுல இல்லக்கா. அப்புறம் என்ன?”

“மாவெரிக்ல கண்ணாடிக் கூண்டு ஒண்ணுதாண்டி இருக்கு!”

“அப்போ சிரி. சிரிச்சா பாட்டு பொய்யாயிடும்ல?”

சிரிக்க முயற்சி செய்தேன். அது பாட்டைவிட மோசமான விளைவைக் கொடுத்தது. ‘காசை எண்ணிட்டா போலிருக்கு, பல்லைக் காட்டுறா’ என்றார்கள்.

காஸ்பரே வீட்டுக்கே போய்க் கதவைத் தட்டினேன். அவன் பனியனோடு மிளகாயும் முட்டையும் வதக்கிக்கொண்டிருந்தான். பாட்டை நிறுத்தச் சொன்னேன். அவன் கரண்டியை வைத்துவிட்டு ரொம்ப மரியாதையாகக் கேட்டான்.

“ஏம்மா, உன் பேரைச் சேக்கணுமா? ஒர்சோலாங்கற பேருக்கு எதுகை கெடைக்கலம்மா. ரெண்டு நாளா பாக்குறேன்.”

“நிறுத்துங்கன்னு சொல்றேன்!”

“நான் நிறுத்தலாம். ஊரு நிறுத்துமா? உக்காரு, முட்டை சாப்பிடு.”

சாப்பிடாமல் வந்தேன். நல்ல வாசனை. அதற்கும் அவன்மேல் கோபம் வந்தது.

எங்கள் பேட்டையோடு போயிருந்தால் ஒரு கோடையில் மறந்திருப்பார்கள். ஆனால் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கல்லூரிப் பையன்கள் மூன்று பேர், தாடியும் கிட்டாருமாக எங்கள் மாதா திருவிழாவுக்கு வந்தவர்கள், இதைக் கேட்டுவிட்டார்கள். வாழ்நாளில் ஒரு தடவை கூட நெரிசல் நேரத்தில் ரயில் ஏறாத பிள்ளைகள். அவர்கள் அதைக் காப்பிக் கடைகளில் கண்ணை மூடிக்கொண்டு, ஏதோ பாட்டாளியின் துயரம் போல, மெதுவாகப் பாடினார்கள். பிறகு வேகமாகப் பாடினார்கள். வேகமாகப் பாடியது ரேடியோவில் வந்தது. அப்புறம் கேட்கவே வேண்டாம். நான் இறைச்சிக் கடையில் நிற்கும்போது ரேடியோவிலிருந்து என்னைத் திட்டினார்கள். தலைமுடி திருத்தப் போன இடத்தில் திட்டினார்கள். பல் வலிக்கு ஊசி போட்டு வாய் மரத்துப்போய்ப் படுத்திருந்தபோது, டாக்டரே முணுமுணுத்துத் திட்டினார். பதில் பேச முடியாத நிலை.

இந்த நிலையிலும் என்னைக் கட்டிக்கொள்ள ஒரு மனுஷன் முன்வந்தார். எட்டோரே, ரொட்டிக் கடையில் வண்டி ஓட்டுகிறவர். ஒவ்வொரு நாளும் கூண்டுக்கு வருவார், இரண்டு காலையும் அழுத்தமாக ஊன்றி நிற்பார், டோக்கன் வாங்குவார். அந்த இரண்டு காலுக்காகவே எனக்கு அவரைப் பிடித்துப்போனது. அவருக்கு ரயிலே தேவையில்லை, வண்டி வைத்திருக்கிறார் என்பது எனக்கு ரொம்ப நாள் உறைக்கவில்லை. டோக்கன்களை வீட்டில் ஒரு சூப் கிண்ணத்தில் போட்டு வைத்திருந்தார்.

கல்யாணம் கோயில் கூடத்தில். அந்தக் காலத்து எங்கள் கல்யாணங்களில் விருந்து என்றால், பன்றித் தொடைக்கறியும் பாலாடைக்கட்டியும் வைத்த ரொட்டியைக் காகிதத்தில் சுற்றி மலைபோல் குவித்திருப்பார்கள். வேண்டியவர்கள் கையைத் தூக்கினால் போதும், மேஜையிலிருந்து பறந்து வரும். வாத்தியத்துக்கு யாரை வைப்பது என்பதில்தான் சண்டை. எங்கள் பேட்டையில் அக்கார்டியன் என்றால் காஸ்பரேதான். முடியவே முடியாது என்றேன். எட்டோரேவின் அம்மா, “வாத்தியம் இல்லாம கல்யாணமா? செத்த வீடா இது?” என்றாள். கடைசியில் ஒரு நிபந்தனை: அந்தப் பாட்டை மட்டும் வாசிக்கக்கூடாது. காஸ்பரே நெஞ்சில் கை வைத்து மாதாமேல் ஆணையிட்டான்.

ஆணையைக் காப்பாற்றினான். அவன் வாசிக்கவில்லை. ஆனால் வைன் இரண்டு சுற்று போனபிறகு, என் சொந்தச் சித்தப்பா ஒருவர் நாற்காலிமேல் ஏறி ஒற்றைக் காலில் நின்றார். கூடம் முழுக்க எழுந்து ஒற்றைக் காலில் நின்றது. வாத்தியமே இல்லாமல் பாட்டு தொடங்கிவிட்டது. காஸ்பரே கைகளைத் தூக்கி, ‘நான் இல்லை’ என்று காட்டினான். கூண்டு அடி வந்ததும் எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்துப் பாடினார்கள். எட்டோரே மட்டும் பாடவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார், சிரிப்பை அடக்குகிறார் என்பது காதின் நிறத்தில் தெரிந்தது.

எனக்கு எங்கிருந்து அந்த வேகம் வந்தது என்று தெரியவில்லை. வெள்ளைக் கவுனை வாரிச் சுருட்டிக்கொண்டு மேடைக்கு ஏறினேன். எனக்குப் பாட வராது. சிறு வயதில் கோயில் பாடற்குழுவில் சேர்ந்தபோது, ‘நீ வாயை மட்டும் அசைம்மா, அது போதும்’ என்று சாமியாரே கேட்டுக்கொண்ட குரல் இது. அந்தக் குரலில், மைக்கைப் பிடுங்கி, காஸ்பரேயின் முகத்துக்கு நேரே கத்தினேன்:

*காலுக்குப் பாதி போதும், கணக்கெல்லாம் சரியாய்ப் போகும்—*
*வாயொன்று வந்ததே கூட, வாய்க்கு ரெண்டு டோக்கன் ஆகும்!*

காற்றில் பறந்துகொண்டிருந்த ஒரு ரொட்டியை யாரும் பிடிக்கவில்லை. அது என் மாமியாரின் தலையில் விழுந்தது. அப்புறம் கூரை அதிர்ந்தது. காஸ்பரேதான் முதலில் சிரித்தான். கண்ணில் தண்ணீர் வர, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அக்கார்டியனோடு தரையில் உட்கார்ந்துவிட்டான். அக்கார்டியன் தானாகவே ஒரு முனகல் முனகியது.

“ஆணை போச்சு! இதை வாசிக்காம விட்டா மாதாவே என்னை மன்னிக்கமாட்டா!” என்று எழுந்தவன், பாட்டை முதலிலிருந்து வாசித்து, என் அடியை முடிவில் சேர்த்து, என்னையே மறுபடி பாடவைத்தான். நான் மறுபடி பாடினேன். மூன்றாவது தடவையும் பாடினேன். யாரும் கேட்காமலே நாலாவதும் பாடினேன் என்று நெல்லா சொல்கிறாள். அவள் மிகைப்படுத்துவாள்.

பாட்டைக் கொல்லப் போன நான் அதற்கு இன்னொரு காலைப் பொருத்திவிட்டேன். அந்தக் கல்லூரிப் பையன்கள் அடுத்த தடவை பதிவு செய்தபோது என் அடியும் அதில் இருந்தது. முன்பு கூண்டுக்கு வந்தவர்கள் ஒற்றைக் காலில் நின்றார்கள். இப்போது வாயைப் பொத்திக்கொண்டு, ‘வாய் கொண்டு வரலம்மா, ஒரு டோக்கன் போதும்’ என்றார்கள். என் சொந்தத் தயாரிப்பு. யாரைக் குற்றம் சொல்ல?

வருஷங்கள் போயின. பிள்ளைகள் பிறந்தார்கள். விமான நிலையம் பெருத்து, எங்கள் கொடியில் காயும் துணிக்கு மேலே விமானங்கள் உரசிக்கொண்டு போயின. பாட்டு சில சமயம் தூங்கும். கட்டணம் ஏறும் செய்தி வந்தால் மறுநாள் காலை எழுந்து உட்காரும். மக்கள் மன்றாடிப் பார்த்தார்கள், ஊர்வலம் போனார்கள், எதற்கும் கட்டணம் இறங்கியதில்லை. பாட்டாலும் இறங்கவில்லை. ஆனால் ஒற்றைக் காலில் நின்று பாடிவிட்டுக் காசு கொடுத்தால் கொஞ்சம் வயிற்றெரிச்சல் குறைகிறது போலிருக்கிறது. என் ஜன்னலில் நான் பார்த்தது அதுதான். திட்டிவிட்டுப் போகிறவன் முகம் கடுகடுவென்றுதான் போகும். பாடிவிட்டுப் போகிறவன் இன்னொருத்தனுக்குக் கண்ணைக் காட்டிவிட்டுப் போவான்.

காஸ்பரே ஒரு தவக்காலத்தில் இறந்துபோனான். ஏணியிலிருந்து விழுந்து அல்ல, நாற்காலியில் உட்கார்ந்து பேசிக்கொண்டே. எதிரில் இருந்தவர் அவன் பேச்சை நிறுத்தியதைப் பார்த்துத்தான் பயந்துபோனாராம். சவ ஊர்வலத்தில் பித்தளை வாத்தியக்காரர்கள் அந்தப் பாட்டை அடி அடியாக, மெல்ல, துக்க ராகம்போல வாசித்தார்கள். யாரும் பாடவில்லை. எனக்கு அழுகை வந்தது. என் எதிரிக்கு நான் எதற்கு அழ வேண்டும் என்று யோசித்தால் இன்னும் அதிகமாக வந்தது. அவன் மனைவி என் கையைப் பிடித்து, “கடைசி வரைக்கும் உன் பேருக்கு எதுகை தேடிட்டுதாம்மா இருந்தாரு” என்றாள்.

நான் ஓய்வு பெற்றுச் சில வருஷம் கழித்து, எட்டோரேவும் போய்விட்டபிறகு, நகரத்தில் ஒரு பாட்டு விழா வைத்தார்கள். ஒற்றைக் கால் பாட்டுக்கென்றே ஒரு மாலை. நெல்லாதான் செய்தி கொண்டுவந்தாள். அவள் முகத்தைப் பார்த்தபோதே ஏதோ இருக்கிறது என்று தெரிந்தது.

“அக்கா, பாட்டுல வர்ற அந்தக் கூண்டுக்காரிய மேடையில ஏத்தி மரியாதை பண்ணப்போறாங்களாம்.”

நான் தலைமுடியைச் சரிசெய்துகொண்டேன். “என்னை யாரும் கூப்பிடலியே?”

“உன்னை இல்லக்கா. டார்செஸ்டர்ல இருந்து ஒரு ஐரிஷ் பொம்பளையாம். ஹனோரா கேகன்.”

இத்தனை வருஷம் அந்தப் பட்டத்தை என் தலையிலிருந்து பிடுங்கி எறிய முடியாதா என்று தவித்தவள் நான். மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றி வேண்டியிருக்கிறேன். இப்போது ஒருத்தி தானாக வந்து எடுத்துக்கொண்டாள். நான் என்ன செய்திருக்க வேண்டும்? இன்னொரு மெழுகுவர்த்தி ஏற்றியிருக்க வேண்டும். நான் கறுப்புக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

“எங்க கிளம்பிட்ட?”

“அது என் திட்டுடீ! என்னைத் திட்டுனது! அவ எப்படி வாங்கிக்கலாம்?”

கூடம் நிரம்பி வழிந்தது. ஹனோரா கேகன் மேடையில் பூங்கொத்தோடு உட்கார்ந்திருந்தாள். உயரமான, சிவந்த, சிரித்த முகம். கல்நெஞ்சுக்காரி என்று அவளைச் சொன்னால் கல்லே சிரிக்கும். இளைஞர்கள் பாட்டைப் பாடினார்கள். என் அடி வருவதற்கு முன்னால், “இதை எழுதியது யாரென்று தெரியாது, மக்களே சேர்த்த அடி இது” என்று ஒருவர் அறிவித்தார்.

நான் எழுந்துவிட்டேன். நெல்லா கோட்டைப் பிடித்து இழுத்தாள். ஒரு பொத்தான் அவள் கையோடு போனது.

“அதை எழுதுனது நாந்தான்! அந்தக் கூண்டுக்காரியும் நாந்தான்!”

முந்நூறு தலைகள் திரும்பின. அறிவிப்பாளர் நல்ல பையன். “அப்படின்னா பாடுங்கம்மா” என்று மைக்கைக் கீழே கொண்டுவந்து கொடுத்தான். நான் பாடினேன். குரல் முன்பைவிட மோசமாகியிருந்தது. ‘வாய்க்கு ரெண்டு டோக்கன் ஆகும்’ என்று முடித்தேன். கைத்தட்டலுக்காகக் காத்திருந்தேன்.

முன் வரிசையில் இருந்த ஒரு பெண்மணி பரிவோடு என் பக்கம் குனிந்தாள். “மூணுங்க.”

“என்ன?”

“மூணு டோக்கன். ரெண்டு இல்ல. நீங்க தப்பாப் பாடுறீங்க.”

“நான் எழுதுனப்போ ரெண்டுதாம்மா!”

“எங்க அம்மா சொல்லிக் குடுத்தது மூணுதான்” என்று அவள் உறுதியாகச் சொன்னாள். கூடம் முழுக்க ‘மூணு, மூணு’ என்றது. கட்டணம் ஏற ஏற என் பாட்டிலும் யாரோ ஏற்றிவிட்டிருக்கிறார்கள். யாரிடம் போய் முறையிடுவது?

மேடையிலிருந்து ஹனோரா கேகன் இறங்கி வந்தாள். அடிக்கப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“உங்ககிட்டயும் வந்தானா அந்த ஆளு?” என்று கேட்டாள்.

“எந்த ஆளு?”

“சட்டையெல்லாம் வர்ணத்தோட, வாய் மூடாம. எங்க ஸ்டேஷன் பக்கத்துல ஒரு வீட்டுக்கு வர்ணம் அடிக்க வந்தான். ஒத்தக் கால்ல நொண்டிட்டு வந்து பாதிக் காசு கேட்டான்.”

ராஸ்கல்! எல்லா நிலையத்திலும் இதைச் செய்து பார்த்திருக்கிறான். அன்று என் ஜன்னலில் அவன் பேசியது ஒத்திகை பார்த்த வசனம். இல்லை, எங்கேயோ எனக்கு முன்னால் அரங்கேறிய நாடகம். நான் அதில் பத்தாவது கதாநாயகியோ என்னவோ.

“காத்துக்குக் காசக் கழின்னு கேட்டானா?” என்றேன்.

“கேட்டான். சீட்டுக்கும் கேட்டான்.”

“நீங்க என்ன பண்ணீங்க?”

ஹனோரா கொஞ்சம் வெட்கப்பட்டாள். “எனக்குச் சிரிப்ப அடக்க முடியல. திரும்பிப் போறப்போ காசு வேணாம், போய்யான்னு கம்பிய திறந்து விட்டுட்டேன். வேலை போயிருக்கும், நல்லவேளை யாரும் பாக்கல. நீங்க?”

“நான் ஜன்னல சாத்திட்டேன்.”

“சாத்திட்டீங்களா?”

“படார்னு. ‘மூடப்பட்டது’ அட்டையும் மாட்டினேன்.”

“நெரிசல் நேரத்துலயா?”

“ஆமா.”

அவள் பூங்கொத்தை என் மடியில் வைத்துவிட்டு எழுந்து, மைக்கை வாங்கி, கூடம் அதிரும்படிச் சொன்னாள்: “எல்லாரும் கேளுங்க! நான் அவனை உள்ள விட்டுட்டேன். பாட்டுல வர்றவ விடல. ஜன்னல மூஞ்சில சாத்தியிருக்கா இந்தம்மா. கல்நெஞ்சுக்காரி நான் இல்ல. சத்தியமா இவங்கதான்!”

முந்நூறு பேரும் எழுந்து கை தட்டினார்கள். நான் பூங்கொத்தோடு எழுந்து, நாலு பக்கமும் திரும்பித் தலை வணங்கினேன். வெற்றி! ஊரே ஒப்புக்கொண்டது! இரண்டாவது தடவை வணங்கிக்கொண்டிருந்தபோதுதான் எதை ஒப்புக்கொண்டார்கள் என்பது மண்டையில் ஏறியது. பக்கத்தில் நெல்லா, பிய்ந்த பொத்தானை வைத்துக்கொண்டு, அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாமல் குலுங்கிக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து ஹனோராவும் நானும் சேர்ந்து போகிறோம், சேர்ந்தே சண்டை போடுகிறோம். கோயில் விருந்து, முதியோர் இல்லம், பள்ளிக்கூடம் என்று எங்களைக் கூப்பிடுகிறார்கள். அவள் காஸ்பரேயின் பங்கைப் பாடுவாள், நான் கூண்டுக்காரி. அவளுக்கு நல்ல குரல். அதனால் என் அடிக்கு அதிகக் கைத்தட்டல் விழும்போது அவளுக்குப் பொறுக்காது. ‘ரெண்டா மூணா’ என்பதில் இன்னும் முடிவு வரவில்லை. நான் ரெண்டு என்று பாடுவேன், கூட்டம் மூணு என்று பாடும். என் குரல்தான் அமுங்கிப்போகும்.

போன மாதம் மறுபடி கட்டணத்தை ஏற்றினார்கள். புது அடி ஒன்று வேண்டும் என்று எல்லோரும் என்னிடம் கேட்கிறார்கள். பென்சிலை வைத்துக்கொண்டு சமையல் மேஜையில் நாள் கணக்காக உட்கார்ந்தேன். ‘அன்பான பயணிகளே’ என்று ஒரு வரி வந்தது. ‘நாமெல்லாம் ஒரே வண்டி’ என்று இன்னொன்று வந்தது. நெல்லாவிடம் படித்துக் காட்டினேன்.

“இது பாட்டாக்கா? ரெயில்வே நோட்டீஸ் மாதிரி இருக்கு.”

“வர மாட்டேங்குதுடி. என்ன செய்ய?”

“உனக்குக் கோவம் வரணும்க்கா. கல்யாணத்தன்னிக்கு வந்த மாதிரி. இப்ப ஊரே பூங்கொத்து குடுக்குது, கோவம் எங்க இருந்து வரும்?”

அவள் சொல்வது சரிதான். ஆகவே நாளைக் காலை ரயிலேறி டார்செஸ்டருக்குப் போகப்போகிறேன். ஹனோராவோடு ஒரு கோப்பைத் தேநீர் குடித்தால் போதும். என்னைவிடத் தான் நன்றாகப் பாடுவதாக அவள் பேச்சுவாக்கில் சொல்லுவாள், அப்புறம் பாட்டு தானாக வரும்.